ஒன்பது பேருக்கு ஒரு கறிக்கட்டி: 600 ரூபாய்க்குள் மீட்லோஃப் செய்த நிகழ்வின் ஆய்வு

கடந்த ஆனி மாதம், விடுமுறைக்காக அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் பத்து வயதுப் பேத்தி, ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு மீட்லோஃப் வேண்டும் என்று கேட்டாள். அப்போது வீட்டில் நான், என் மனைவி, மகன், மருமகள், அவர்களுடைய பிள்ளைகள் இருவர், எங்களோடு தங்கியிருந்த என் அக்கா, மகள், பேத்தி என ஒன்பது பேர் இருந்தோம். எங்கள் ஆடுதுறைக் கடையில் அந்த வாரம் வெள்ளாட்டுக்கறி எலும்போடு கிலோ 800 ரூபாய்க்கும், எலும்பில்லாத கொத்துக்கறி 900 ரூபாய்க்கும் விற்றன. ஒன்பது பேருக்குக் குழம்பு வைப்பதென்றால் ஒன்றேகால் கிலோ வாங்க வேண்டும். அதற்கே 1,000 ரூபாய் ஆகிவிடும். மாதக் கடைசி என்பதாலும், வீட்டுக் கணக்கு என் மனைவியின் கையில் இருப்பதாலும், கறியும் அதில் சேரும் சாமான்களும் எல்லாமாக 600 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அவர் வரம்பு கட்டினார். அந்த வரம்புக்குள் இந்தப் பண்டத்தைச் செய்ய முயன்று, முதலில் தோற்று, பிறகு ஓரளவு தேறிய கதையை, எடுத்த அளவுகளோடு இங்கே எழுதுகிறேன். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் தராசில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

மீட்லோஃப் என்பது பெயருக்கு ஏற்ப, ரொட்டி அச்சில் வார்த்த கறி. கொத்துக்கறியோடு முட்டையும் ரொட்டித்தூளும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, செங்கல் வடிவில் அடக்கி, ஓவனில் வேகவைத்து, மேலே இனிப்பும் புளிப்பும் கலந்த தக்காளிச் சாந்தைப் பூசித் துண்டு போட்டுப் பரிமாறுவார்கள். அமெரிக்கர்கள் இதைத் தங்கள் வீட்டுச் சாப்பாடாகவே கருதுகிறார்கள் என்றாலும், கறியை மாவாலும் தானியத்தாலும் பெருக்கிக் கட்டியாக்கும் வழக்கம் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களிடம் அதற்கும் முன்பே இருந்தது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, கைவசம் உள்ள கொஞ்சம் கறியை ஒரு குடும்பம் முழுவதற்கும் எட்டவைக்கும் வழியாக இது பரவியது. 1943இல் போர்க்காலக் கறிப் பங்கீடு வந்தபோதும் அதே காரணம் நீடித்தது. அதாவது, மலிவு என்பது இந்தப் பண்டத்தில் பிற்பாடு சேர்ந்த சலுகை அன்று, அதன் பிறப்புக் காரணமே அதுதான். இதை நான் முன்னமே சரியாக யோசித்திருந்தால் முதல் முயற்சியில் 490 ரூபாயை இழந்திருக்க மாட்டேன்.

முதல் முயற்சி

விருந்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வெள்ளோட்டமாக அரைக்கிலோ ஆட்டுக் கொத்துக்கறி வாங்கினேன். கறிக்கடை பாய் அதைப் புளியமரக் கட்டையின் மேல் வைத்து இரண்டு கத்திகளால் கொத்திக் கொடுத்தார். அதனோடு 100 கிராம் ரஸ்க் தூள், ஒரு முட்டை, பச்சையாகவே பொடியாக நறுக்கிய 100 கிராம் வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மிளகு, உப்பு சேர்த்துப் பிசைந்தபோது மொத்த எடை 780 கிராம் இருந்தது. எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. பழைய குக்கரின் அடியில் இரண்டு விரல்கடை உயரத்துக்கு மணலைப் பரப்பி, அதன் மேல் முக்காலி வைத்து, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, கேக் செய்வது போலச் செய்யலாம் என்று முடிவு செய்தேன். மனைவி அப்போதே, கோலா உருண்டைக்குப் போடுவது போலக் கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு போடுங்கள் என்றார். செய்முறையில் ரொட்டித்தூள் என்றுதான் இருக்கிறது என்று சொல்லி நான் மறுத்துவிட்டேன்.

ஐம்பது நிமிடம் கழித்துத் திறந்தபோது, அடிப்பாகம் கருகியிருந்தது, மேற்பாகம் வெளுத்திருந்தது, நடுவில் குறுக்காக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. பாத்திரத்தின் விளிம்பு வழியாகச் சாறு வழிந்து மணலில் இறங்கிப் புகைந்துகொண்டிருந்தது. கத்தி வைத்ததும் துண்டாக வராமல், காய்ந்த களிமண் போலப் பொலபொலவென்று உதிர்ந்தது. எடை போட்டுப் பார்த்தேன்: 555 கிராம். 780 கிராமில் 225 கிராம், அதாவது ஏறக்குறைய 29 விழுக்காடு காணாமல் போயிருந்தது. பேத்தி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "தாத்தா, இது லோஃப் இல்ல, புட்டு" என்றாள். உதிர்ந்ததை மறுநாள் மனைவி வெங்காயமும் தேங்காய்த் துருவலும் போட்டு வதக்கி, உண்மையாகவே கறிப்புட்டாக்கிப் பரிமாறினார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

எங்கே தவறியது

கறியைப் பற்றி யோசிக்கும்போது நாம் அதைத் திடப்பொருளாகவே நினைக்கிறோம். கொழுப்பு நீக்கிய பச்சைக் கறியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர்தான் இருக்கிறது. சூடு ஏறும்போது தசைநார்ப் புரதங்கள் 50 டிகிரி செல்சியஸ் அளவிலேயே சுருங்கத் தொடங்குகின்றன. 60 டிகிரியைத் தாண்டும்போது நார்களைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவும் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவது போல உள்ளிருக்கும் நீரை வெளியே தள்ளுகிறது. ஆகவே, மீட்லோஃபில் ரொட்டியோ தானியமோ சேர்ப்பது வயிற்றை நிரப்புவதற்காக மட்டும் அன்று. பிழியப்படும் அந்தச் சாற்றை வாங்கி வைத்துக்கொள்ளவும், கறி நார்கள் ஒன்றோடொன்று இறுகக் கட்டிக்கொள்ளாமல் இடையில் புகுந்து நிற்கவும் அது வேண்டியிருக்கிறது.

இந்த நோக்கில் பார்த்தபோது என் தவறுகள் வரிசை கட்டி நின்றன. ரஸ்க் தூளை உலர்ந்தபடியே போட்டேன். அது தனக்கு வேண்டிய ஈரத்தை வெளியிலிருந்து பெறாமல் கறியிலிருந்தே உறிஞ்சி, சீராக ஊறாமல் திட்டுத்திட்டாக நின்றுவிட்டது. வெங்காயத்தைப் பச்சையாகப் போட்டேன். அது வேகும்போது விட்ட தண்ணீர் கட்டிக்குள் சின்னச் சின்னக் குழிகளை உண்டாக்கியது. எங்கள் ஊரில் மட்டன் என்றால் பெரும்பாலும் வெள்ளாடு. அதில் செம்மறியைவிடக் கொழுப்பு குறைவு. அமெரிக்கச் செய்முறைகள் பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புள்ள மாட்டுக்கறியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதை நான் கவனிக்கவில்லை. கத்தியால் கொத்திய கறி குழம்புக்கும் வறுவலுக்கும் அருமையானது, ஆனால் கட்டியாக ஒட்டுவதற்கு அது முரடு. கடைசியாக மணல் குக்கர்: மணல் மூடிய அடிப்பாகம் அளவுக்கு மீறிச் சூடேறும், மேலே உள்ள காற்று அவ்வளவு சூடேறாது. அரை அங்குல பிஸ்கட்டுக்குப் பொருந்தும் அந்த ஏற்பாடு, நான்கு அங்குலக் கறிக் கட்டிக்குப் பொருந்தவில்லை.

கனத்தைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பொருளின் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர ஆகும் நேரம், அதன் கனத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறக்குறைய கூடுகிறது. கனம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். நடுப்பகுதி வேகும்வரை வெளிப்பகுதி காத்திருக்கும்போதுதான் அது காய்ந்து போகிறது.

நான்கு வில்லைகள்

இரண்டாவது முறையும் முழுக் கட்டியைச் செய்து பார்த்து ஏமாற மனமில்லை. புதன்கிழமை கால் கிலோ எலும்பில்லாத கோழிக்கறி வாங்கி, மிக்சியில் அரைத்து, சம அளவாக நான்கு பங்கிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சேர்மானம் கலந்து, தோசைக்கல்லில் வில்லையாகச் சுட்டுப் பார்த்தோம். முதலாவதில் உலர்ந்த ரஸ்க் தூள். இரண்டாவதில் பாலில் ஊறிய பழைய ரொட்டி. மூன்றாவதில் பொட்டுக்கடலை மாவு. நான்காவதில் எலும்பு வேகவைத்த சாறில் ஊறிய கெட்டி அவல். அவல் என் மனைவியின் யோசனை. அதற்கு அவர் சொன்ன காரணம், அவல் ஊறினால் தண்ணீரை விடாது என்பதுதான். அவர் சொன்னதில் உள்ள அறிவியல் எனக்குப் பிறகுதான் புலப்பட்டது. அவல் செய்யும்போது நெல்லை ஊறவைத்து, வறுத்து, தட்டி எடுக்கிறார்கள். அதில் உள்ள மாவுச்சத்து அப்போதே பெரும்பாலும் வெந்துவிடுகிறது. ஆகவே அதை மறுபடி வேகவைக்காமலே அது நீரை வாங்கிப் பிடித்துக்கொள்கிறது. 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடந்துவரும் ஊரில், விதை மூட்டைகளில் ஏ.டி.டி. என்ற எழுத்துகளாய்ப் பெயர் அச்சாகும் ஊரில், குடியிருந்துகொண்டு அரிசியை விட்டு ரஸ்க்கைத் தேடிப் போனது எனக்கே சிரிப்பாக இருந்தது.

ரஸ்க் வில்லை கல்லில் நீர் விட்டுச் சுருங்கியது. பால் ரொட்டி வில்லை மிருதுவாகவும் சாறோடும் இருந்தது. ஆனால் எங்கள் பேக்கரி ரொட்டி இனிப்பு ரொட்டி என்பதால் கறியிலும் அந்த இனிப்பு தெரிந்தது. உப்பு ரொட்டி கிடைக்கும் இடத்தில் இருப்பவர்கள் இதையே தேர்ந்தெடுக்கலாம். பொட்டுக்கடலை வில்லை உறுதியாக நின்றது, ஒரு சொட்டும் வடியவில்லை. ஆனால் சுவை அப்படியே கோலா உருண்டை. பேத்தி அதைத்தான் மிகவும் விரும்பிச் சாப்பிட்டாள், சாப்பிட்டுவிட்டு "இது கோலா, மீட்லோஃப் இல்ல" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். அவல் வில்லை எடை குறையாமல், துண்டு போட்டால் உதிராமல் வந்தது. அவல் முழுசாக ஆங்காங்கே தென்பட்டது மட்டுமே குறை. மிக்சியில் இரண்டு சுற்றுச் சுற்றி ரவை போல ஆக்கிக்கொண்டால் அதுவும் தீரும் என்று முடிவானது.

விருந்துக்கான கொள்முதல்

கறியில் 350 கிராம் மட்டும் ஆடு, அதில் 50 கிராம் கொழுப்பாக இருக்கட்டும் என்று கேட்டு வாங்கினேன், 315 ரூபாய். எலும்பு நீக்கிய கோழித் தொடைக்கறி அரைக்கிலோ 170 ரூபாய். நெஞ்சுக்கறியை வேண்டாம் என்றதற்குக் காரணம், அது கொழுப்பின்றி எளிதில் வறண்டுவிடும் என்பது. ஆட்டுக்கறியை முற்றிலும் விட்டுவிட்டால் இன்னும் மிச்சமாகியிருக்கும் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் கறி என்றால் ஆடுதான் என்று நினைக்கும் என் அக்கா சாப்பிட உட்காரும் வீட்டில், அந்த மணம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை முடியாது. இந்த அளவில் கலந்தபோது கோழியின் சுவை பின்னுக்குப் போய், ஆட்டின் மணமே முன்னே நின்றது.

கோழிக்கடையில் இன்னொன்றும் வாங்கினேன்: கோழிக்கால் பத்து, 20 ரூபாய். பலரும் வாங்காமல் விட்டுச் செல்லும் பொருள் அது. கால்களைச் சுடுநீரில் முக்கி மஞ்சள் தோலை உரித்து, நகங்களை வெட்டிவிட்டு, மஞ்சள்தூள் போட்டுக் கழுவி, அரை லிட்டர் தண்ணீரில் குக்கரில் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வைத்தோம். வடிகட்டி, மேலும் சுண்டவைத்து 200 மில்லி ஆக்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தபோது, மறுநாள் காலையில் அது கடற்பாசி இனிப்பு போலத் தளதளவென்று உறைந்திருந்தது. தோலிலும் மூட்டிலும் உள்ள இணைப்புத் திசு நெடுநேரக் கொதிப்பில் கரைந்து ஜெலட்டினாக மாறுவதால் இப்படி உறைகிறது. இந்தப் பாகு கறிக்குள் இருக்கும்போது, சூட்டில் உருகி நீராகி, ஆனால் வெறும் நீரைப் போல ஓடிவிடாமல் வாயில் கொழகொழப்பான சாறாக நிற்கிறது. கொழுப்பு குறைந்த வெள்ளாட்டுக்கறியின் குறையை நிரப்ப இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

மற்றவை சில்லறைச் செலவு: கெட்டி அவல் 100 கிராம் 7 ரூபாய், முட்டை இரண்டு 12, வெங்காயம் 10, எண்ணெய், இஞ்சி, பூண்டு, மசாலா எல்லாம் 30, தக்காளி 300 கிராம் 15, வெல்லமும் புளியும் 7. ஆடு, கோழி, கோழிக்கால் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் 586 ரூபாய். எரிவாயுக்கு 10 ரூபாய் என்று மதிப்பிட்டுச் சேர்த்தால் 596. உருளைக்கிழங்கு மசியல், பீன்ஸ் பொரியல், அக்காவுக்கு ரசம் சாதம் ஆகியவை அன்றாடச் சமையல் கணக்கில் போயின.

பிசைதலும் வேகவைத்தலும்

கறியை ஓரங்குலத் துண்டுகளாக்கி, உறைபதனப் பகுதியில் அரைமணி நேரம் வைத்து விறைக்கவைத்த பிறகே மிக்சியில் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் சூடேறிக் கொழுப்பு இளகி எங்கும் பூசிக்கொண்டு, கறி கூழாகிவிடும்.

அவலை ரவையாக்கி, கோழிக்கால் பாகைச் சற்றே சூடாக்கி அதில் ஊறவைத்தோம். பத்து நிமிடத்தில் அது பாகு முழுவதையும் வாங்கிக்கொண்டது. ஆறிய பிறகு முட்டையை அடித்து அதோடு கலந்தோம். வெங்காயத்தை இம்முறை பொன்னிறமாக வதக்கி, ஆறவைத்து, 150 கிராம் அளவுக்குச் சேர்த்தோம். மிளகு, சோம்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டோம். பட்டை கிராம்பு தவிர்த்தோம், அவை சேர்ந்தால் கோலா வாசனை திரும்பிவிடும். 18 கிராம் உப்பைக் கடைசியில்தான் கறியில் தூவினேன். உப்பு தசைப் புரதத்தைக் கரைத்துப் பசையாக்குகிறது. அந்தப் பசைதான் கட்டியை ஒட்டவைக்கிறது. ஆனால் அளவுக்கு மேல் பிசைந்தால் அதே பசை ரப்பர் போல இறுகிவிடும். இரண்டு நிமிடம், விரல் நுனிகளால் கலந்து, கையில் ஒட்டத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன். கலவையின் மொத்த எடை 1,460 கிராம்.

பச்சைக் கலவையை வாயில் வைத்து ருசி பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, அது கூடாது. நெல்லிக்காய் அளவு எடுத்துக் கல்லில் சுட்டு உப்புப் பார்த்தால் போதும். முழுத் துண்டாக இருக்கும் கறியில் கிருமிகள் பெரும்பாலும் வெளிப்பரப்பில்தான் இருக்கும். அரைக்கும்போது அவை உள்ளே எங்கும் பரவிவிடுகின்றன. ஆகவே அரைத்த ஆட்டுக்கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸையும், கோழி கலந்திருந்தால் 74 டிகிரியையும் எட்ட வேண்டும் என்பது அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல். நிறத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. மகன் வாங்கித் தந்த மின்னணு வெப்பமானியைப் பயன்படுத்தினேன். ஆய்வகப் பழக்கத்தில் கண்ணாடி வெப்பமானியைக் கறிக்குள் குத்த யாரும் முயல வேண்டாம். உடைந்தால் அந்தக் கறி முழுவதையும் கொட்ட வேண்டியதுதான்.

ஓவனுக்குப் பதிலாக இம்முறை இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றினோம். நீராவி 100 டிகிரிக்கு மேல் போகாது; நாலாபுறமும் ஒரே சூடு; அடிப்பிடிக்க வழியில்லை. பேரப்பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் நீள்சதுர எவர்சில்வர் டிபன் டப்பாக்கள் இரண்டை எடுத்து, தணலில் வாட்டிய வாழையிலையை உள்ளே விரித்து, கலவையைக் காற்றுப்புகாமல் அழுத்தி, ஒவ்வொன்றிலும் 730 கிராமாக ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினேன். இலையின் மேல்மடிப்பு மூடியாக அமைந்தது. நாற்பது நிமிடத்தில் கீழ் டப்பாவின் நடுப்பகுதி 75 டிகிரியைக் காட்டியது; மேல் டப்பா 69 டிகிரியில்தான் நின்றது. டப்பாக்களை ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கியதால் இடையே ஆவி புகவில்லை என்பது என் கணிப்பு. கீழ் டப்பாவை எடுத்துவிட்டு மற்றதை இன்னும் பத்து நிமிடம் வைத்தேன். அதுவும் 76 டிகிரிக்கு வந்தது.

வெந்ததும் இலையைப் பிரிக்காமல் கால்மணி நேரம் ஆறவிட்டோம். பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை, ஆனால் அந்த இடைவெளியில்தான் உள்ளே இளகியிருக்கும் சாறு சற்றே கெட்டியாகிக் கட்டியோடு நிற்கிறது. டப்பாக்களில் ஏறத்தாழ 120 மில்லி சாறு நின்றது. இம்முறை அது மணலுக்குப் போகவில்லை. இரண்டு கட்டிகளும் சேர்ந்து 1,330 கிராம் இருந்தன. இழப்பு 130 கிராம், 9 விழுக்காடு.

மேல் நெருப்பு

ஆவியில் வெந்த கறிக்கு ஒரு குறை உண்டு. வெளிறிப்போய், வேகவைத்த முட்டை போல இருக்கும். கறி சிவந்து மணக்க, மேற்பரப்பு காய்ந்து 140 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும். நீராவியில் அது நடக்காது. தக்காளியை வேகவைத்து மசித்து, புளிக்கரைசல், வெல்லம், மிளகாய்த்தூள், டப்பாவில் நின்ற சாறு எல்லாம் சேர்த்து, கரண்டியில் ஒட்டும் பதம் வரும்வரை சுண்டவைத்திருந்தோம். புட்டியில் விற்கும் தக்காளி சாஸுக்குப் பதில் இது; விலை பாதிகூட இல்லை. இரும்பு வாணலியில் எண்ணெய் தடவி, கட்டிகளின் பக்கங்களைத் திருப்பித் திருப்பிச் சிவக்கவிட்டு, மேலே இந்தச் சாந்தைப் பூசினோம்.

மேற்புறத்தை எப்படிச் சிவக்கவைப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு வழி சொன்னது என் அக்கா. பிரியாணிக்குத் தம் போடும்போது மூடியின் மேல் தணல் போடுவார்களே, அதைச் செய்யுங்கள் என்றார். கொல்லையில் கொட்டாங்கச்சியை எரித்துத் தணலாக்கி, இரும்பு மூடியின் மேல் பரப்பி, கீழே தீயை அறவே குறைத்துவைத்தோம். பன்னிரண்டு நிமிடத்தில் சாந்து குமிழியிட்டு, ஓரங்களில் கருஞ்சிவப்பாகி, வெல்லம் கருகத் தொடங்கும் அந்த மணம் வந்தது. மூடியைத் திறந்ததும் பேத்தி ஒன்றும் சொல்லாமல் தன் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் தேர்ச்சி மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டேன்.

பரிமாறியது

இரண்டு கட்டிகளையும் ஒன்பது ஒன்பது துண்டுகளாகப் போட்டோம். ஆளுக்கு இரண்டு துண்டு, ஏறக்குறைய 148 கிராம். நான் அவசரப்பட்டு மொண்ணைக் கத்தியால் வெட்டிய முதல் கட்டியில் ஓரத் துண்டுகள் இரண்டு உடைந்தன. மருமகள் ரொட்டி வெட்டும் பற்கத்தியை எடுத்துவந்து, அழுத்தாமல் அறுத்த இரண்டாவது கட்டி சீராக வந்தது. உள்ளே குழிகள் இல்லை, அவல் கண்ணுக்குத் தெரியவில்லை, தட்டில் நீர் வடியவில்லை. அக்காவுக்கு மட்டும் கறியின் மேல் இனிப்பு என்பது ஒப்பவில்லை. சாந்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு எலுமிச்சை ஊறுகாயோடு சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றும், இதைக் கறிக்குழம்பில் போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். கறிக்கட்டி என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

கணக்கு

முதல் முயற்சியில் 490 ரூபாய்க்கு 555 கிராம் வெந்த பண்டம் கிடைத்தது. 100 கிராமுக்கு 88 ரூபாய். இரண்டாவதில், எரிவாயுவை விட்டுவிட்டு, 586 ரூபாய்க்கு 1,330 கிராம். 100 கிராமுக்கு 44 ரூபாய். சரிபாதி. இந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தபோது, நான் எதிர்பார்த்த விடை கிடைக்கவில்லை. சாறு வடியாமல் காத்ததுதான் பெரிய மிச்சம் என்று நினைத்திருந்தேன். இதே கலவை முதல் முறை போல 29 விழுக்காடு இழந்திருந்தால் 1,040 கிராம் மிஞ்சியிருக்கும். அப்போது 100 கிராமுக்கு 56 ரூபாய் ஆகியிருக்கும். ஆக, மொத்த மிச்சமான 44 ரூபாயில் 12 ரூபாய்தான் சாற்றைக் காத்ததால் வந்தது. மீதி 32 ரூபாய், ஆட்டுக்கறியைக் குறைத்துக் கோழியையும் அவலையும் பாகையும் சேர்த்ததால் வந்தது. பணக்கணக்கில் கொள்முதலே முந்துகிறது.

ஆயினும் சாற்றைக் காத்ததால் கூடுதலாகக் கிடைத்த 290 கிராம் என்பது ஒன்பது பேரில் ஏறக்குறைய இரண்டு பேரின் பங்கு. மேலும், வடிந்து உலர்ந்த கட்டியை விலை குறைத்துச் செய்திருந்தால், மலிவான புட்டு கிடைத்திருக்குமே தவிர, துண்டாக நிற்கும் பண்டம் கிடைத்திருக்காது. கோழியும் அவலும் சேர்த்து மலிவாக்க முடிந்ததே, சாற்றைப் பிடித்துவைக்கும் வழி தெரிந்த பிறகுதான்.

வெள்ளோட்டத்துக்கான 490 ரூபாயையும் வில்லைகளுக்கான கோழிக்கறி 85 ரூபாயையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. மனைவி தன் கணக்கு நோட்டில் சேர்த்திருக்கிறார். அந்த நோட்டின்படி, எரிவாயுவும் சேர்த்து, அன்றைய இரவுச் சாப்பாட்டின் விலை 1,171 ரூபாய். குழம்பு வைத்திருந்தால் கறிக்கு ஆகியிருக்கும் 1,000 ரூபாயைவிட அதிகம்.

மிச்சமும் அடுத்த முறையும்

பேரன் ஒரு துண்டு போதும் என்றதாலும் அக்கா ஒன்றரையோடு நிறுத்திக்கொண்டதாலும் கொஞ்சம் மிஞ்சியது. ஆனி மாதத்து வெக்கையில் சமைத்த கறியை நெடுநேரம் வெளியே வைக்க முடியாது. சாதாரணமாக இரண்டு மணி நேரம் என்பதும், 32 டிகிரிக்கு மேல் வெயில் இருக்கும் இடங்களில் ஒரு மணி நேரம் என்பதும்தான் வரம்பு. பரிமாறி முடிந்ததும் மூடிய டப்பாவில் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டோம். மூன்று நான்கு நாள் தாங்கும். எங்கள் வீட்டில் மறுநாள் காலைவரைகூடத் தாங்கவில்லை. மருமகள் துண்டுகளை மெல்லிசாகச் சீவி, தோசைக்கல்லில் இருபுறமும் முறுகவிட்டு, தோசைக்குள் வைத்து மடித்துக் கொடுத்தார். குளிர்ந்த கட்டி சூடாக இருந்ததைவிடச் சீராக வெட்டுப்பட்டது. ஆகவே, விருந்தினருக்கு அழகாகப் பரிமாற வேண்டுமானால், காலையிலேயே ஆவியில் வேகவைத்துக் குளிரவைத்து, இரவில் துண்டு போட்டு, ஆவி பறக்கும்வரை சுடவைத்துக் கொடுப்பது நல்லது.

ஜெர்மானியர்கள் இதன் நடுவே வேகவைத்த முழு முட்டைகளைப் புதைத்து, பொய் முயல் என்று பொருள்படும் பெயரில் செய்கிறார்கள். நான்கு முட்டைக்கு 24 ரூபாய்தான் ஆகும்; ஏறக்குறைய 200 கிராம் கூடும்; ஆட்டுக்கறியை இன்னும் 100 கிராம் குறைக்கலாம். ஆனால் ஐந்து சென்டிமீட்டர் உயர டப்பாவில் முட்டையைப் புதைத்தால் மேலும் கீழும் கறி மெல்லிசாகிவிடும். அதற்குக் கொஞ்சம் ஆழமான பாத்திரம் வேண்டும். கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் பார்த்துவைத்திருக்கிறேன். அதன் விலையை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.